சிவப்பு வெளுக்காது

வாருங்கள் தம்பி, உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டிப் போடுங்கள், மத்தியானம் வரைக்கும் இங்கேதான் நிழல். பார்த்து, ஆணி துருத்திக்கொண்டிருக்கிறது. மின்சார மீட்டர் பெட்டியைப் போன மாதம் உள்ளே மாற்றி மாட்டினார்கள், ஆணியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதுகில் குத்தும். எனக்குப் பழகிவிட்டது.

சீனியம்மாள் குளிக்கிறாள். கண் தெரியாதவள் குளித்துவிட்டு வர அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் முக்கால் மணி நேரம் ஆகும். தபால் ஆபீஸிலிருந்துதானே வருகிறீர்கள்? பென்ஷனுக்குக் கைரேகை வாங்க? அவள் உயிரோடு இருக்கிறாள் என்று சர்க்காருக்குச் சொல்ல வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மெஷின் வருகிறது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷமாகக் கூடவே இருந்து பார்க்கிறேன், உயிரோடுதான் இருக்கிறாள்.

நீங்கள் புதிதாக மாற்றலாகி வந்தவரா? அதுதான், முகம் பழக்கமில்லை. அப்படியென்றால் ஒன்று கேட்கிறேன். இங்கேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தினீர்கள். தலையைத் தூக்கி ஒரே ஒரு பார்வை. நேராக வந்து இந்தக் கேட்டைத் திறந்தீர்கள். யாரிடமும் விசாரிக்கவில்லை. கந்தகம் சுப்பையா வீடு என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டீர்களா? கேட்கவில்லையா? சரி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தீப்பெட்டி ஆபீஸ் போராட்டத்தில் எனக்கு விழுந்த பட்டம் அது, கந்தகம்.

போனில் அவள் 'ரோஸ் வீடு' என்று சொன்னாளா? சொல்வாள். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறாள்.

என்ன, என்னைப் பார்க்கிறீர்கள், சுவரைப் பார்க்கிறீர்கள், மறுபடி என்னைப் பார்க்கிறீர்கள். புரிகிறது. எதையோ சொல்ல வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டீர்கள் பாருங்கள், அதற்குப் பெயர் நாகரிகம். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அது குறைவு. குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன், குளியலறை ஜன்னல் இந்தப் பக்கம். இந்த வீடு ரோஸ் இல்லை. சிவப்பு. கொடிச் சிவப்பு. அவளுக்கு அது தெரியாது. மூன்று வருஷமாகத் தெரியாது. இந்தத் தெருவில் அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

சிரிக்காதீர்கள். இருமலா? தண்ணீர் பானையில் இருக்கிறது, எடுத்துக் குடியுங்கள்.

இந்த வீடு அவள் பெயரில் இருக்கிறது. நான் சொத்துச் சேர்க்காதவன் தம்பி. மில்லில் ஒன்பது வருஷம், பிறகு வேலைநீக்கம், பிறகு முழுநேரம் இயக்கம். ஏழு தடவை சிறை. ஒரு செங்கல் என் பெயரில் கிடையாது. சொத்துச் சேர்க்காதவனும் எங்கேயாவது படுக்க வேண்டும் அல்லவா, அதனால் அவள் கட்டினாள். கிராம நர்ஸ் வேலை. காட்டுக்குள் நடந்து நடந்து பிரசவம் பார்த்து, சொட்டு மருந்து ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாள். பதினெட்டு வருஷம் செங்கல் தெரியக் கிடந்தது. ரிட்டயர் ஆன வருஷம்தான் சிமெண்ட் பூசினாள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு தொழிலாளி வீட்டுக்குச் சிமெண்ட் போதும்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கரை அவள் கண்ணுக்கு ஏறியது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை, அன்றைக்கு எனக்கு ஒரு இரங்கல் கூட்டம். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, ஊசி போட்டுப் பார்ப்போம், ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் ஒன்றரை வருஷம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்தவள் அழவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"ஏங்க, கண்ணு இருக்கும்போதே வீட்டுக்கு ஒரு கலர் அடிச்சுப் பாத்துரணுங்க. ஒரு தடவை கேட்டுக்கு வெளிய நின்னு முழுசாப் பாத்துட்டு உள்ள வந்துருவேன். அதுக்கப்புறம் போனாப் போயிட்டுப் போகுது."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஒரு நாளும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. "பரிசீலிப்போம்" என்றேன். மில் மேனேஜர் எங்களிடம் பதினொரு மாதம் சொன்ன வார்த்தை. எங்கள் வேலைநிறுத்தத்தைப் போலீஸ் உடைக்கவில்லை தம்பி, அந்த வார்த்தைதான் உடைத்தது. எதிரியிடமிருந்தும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் பெயிண்ட் கடையிலிருந்து கலர் அட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். விசிறி மாதிரி விரியும், நூற்றுக்கணக்கில் கலர். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் உட்கார்ந்தாள். கடைசியில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். ரோஸ். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு ரோஸ்.

"எதுக்கு இது?" என்றேன்.

"பிள்ளை பிறக்கும்போது நீலமா வருங்க. சிலது அழாது. ஊதணும், தட்டணும், தேய்க்கணும். திடீர்னு ஒரு அழுகை. அப்ப மார்ல இருந்து ஒரு கலர் பரவும் பாருங்க, கை, கால், உள்ளங்கால்னு. அந்தக் கலர் வந்துட்டா நான் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிப்பேன். அந்தக் கலருங்க இது."

ஆஸ்பத்திரிக் கதை. எங்களுக்கும் ஒன்று பிறந்தது. அவளே எவ்வளவோ ஊதிப் பார்த்தாளாம், அது கலர் மாறவில்லை. நான் அன்றைக்குத் தூத்துக்குடி மாநாட்டில் இருந்தேன். நல்ல மாநாடு. பதினான்கு தீர்மானம்.

அவளுடைய ரோஸுக்குப் பதிலாக நான் ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'வர்ணம் யாருக்காக?' என்று தலைப்பு. ஒரு பக்கம்தான். வீட்டின் வெளிச்சுவர் வீட்டில் இருப்பவன் கண்ணில் படுவதில்லை, தெருவில் போகிறவன் கண்ணில்தான் படுகிறது, ஆகவே அது தெருவுக்குச் சொந்தம், ஆகவே அது எதையாவது சொல்லியாக வேண்டும், சும்மா அழகாக நிற்கக் கூடாது. இதுதான் சாரம். அவளை உட்கார வைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டாள். முடிந்ததும், "சோறு குழைஞ்சிரும்" என்று எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான் அவளுடைய அரசியல்.

சரி, சோதனை செய்து பார்த்து முடிவெடுப்போம் என்றேன். சுவரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருஷம் சுவர் எழுத்து எழுதியவன். சுண்ணாம்பில் எவ்வளவு வஜ்ஜிரப் பசை சேர்த்தால் ஒட்டும், காவி எந்த வெயிலில் கருகும், நீலம் எந்த மழையில் வழியும், எல்லாம் இந்தக் கைக்குத் தெரியும். எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், அது எங்கள் விதி. எழுத்து எப்படி வந்திருக்கிறது என்று நின்று ரசித்தவனெல்லாம் போலீஸில் மாட்டினான். இன்றுவரை எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. முடித்த சுவரை நான் பார்ப்பதே இல்லை. மனசில் இருக்கிறது, போதும்.

அருளப்பன் என்று ஒரு பெயிண்டர். அவனை வரவழைத்து இந்த மேற்குச் சுவரில் ரெண்டடிக்கு ரெண்டடி எட்டுச் சதுரம் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றின் தலையிலும் கரியால் நம்பர். ஆறாம் நம்பர் அவளுடைய ரோஸ். இந்த எட்டும் ஒரு மழைக்காலம் பார்க்கட்டும், ஒரு கோடை பார்க்கட்டும், தாங்குவதை அடிப்போம் என்றேன்.

அருளப்பன் தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, நாங்க பத்து நாள் பாப்போம். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரு வருஷமா காயப்போடுவாங்க? நர்ஸம்மாவுக்குக் கண்ணு..."

"நீ பெயிண்டரா, டாக்டரா?" என்றேன். பிரஷ்ஷை எடுத்தான்.

அந்த எட்டில் ஏழை நானே தள்ளிவிட்டேன், ஒவ்வொரு வாரம் ஒவ்வொன்றாக. பச்சை ஒரு கட்சி. மஞ்சள் ஒரு சாதிச் சங்கம். நீலம் நல்ல கலர்தான், ஆனால் அந்தக் கொடிக்காரர்கள் எங்களோடு கூட்டணியை முறித்துக்கொண்ட நேரம். சந்தனம் முதலாளி வீட்டுக் கலர். சாம்பல் போலீஸ் குவார்ட்டர்ஸ். சிமெண்ட் கலர் ஒன்று, சிமெண்டுக்கு மேல் அதையே அடிப்பவன் முட்டாள். வெள்ளை சரணாகதி. ஆறாம் நம்பரை மட்டும் தள்ளவில்லை. ரோஸ் எந்தக் கட்சிக்கும் கொடி இல்லை, என்ன காரணம் சொல்லித் தள்ளுவது? ஆகவே 'பரிசீலனையில்' வைத்தேன்.

அவள் தினமும் காலையில் எழுந்ததும் இங்கே வந்து நிற்பாள். முதலில் கேட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஆவணி வாக்கில் மாடத்துத் துளசிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கார்த்திகையில் சுவருக்கு நாலடி. தையில் ஒரு முழம். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து மூக்கு சுவரில் உரசுகிற மாதிரி நின்றாள். நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி கவனித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். சோதனை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"மழை பாத்தாச்சுங்க, ஒண்ணும் ஆகலை. கோடை வரைக்கும் வேணாமே" என்று மாசியில் கேட்டாள். கெஞ்சினாள் என்று சொல்லமாட்டேன். அவளுக்குக் கெஞ்சத் தெரியாது. ஆனால் ரெண்டு தடவை கேட்டாள். ஒரு காரியத்தை அவள் ரெண்டு தடவை கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து நல்லகாலமாகத் தேர்தல் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், தேர்தல் அறிவிக்கும் முன்பே சுவரைப் பிடித்து வைப்பார்கள். சுண்ணாம்பு அடித்து மூலையில் கட்சிப் பெயரும் வருஷமும் எழுதிவிட்டால் வேறு எவனும் தொடமாட்டான். ரத்தக்களறி ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் எல்லோரும் மதிப்பார்கள். நம் சதுரங்களைப் பார்த்துவிட்டு ரெண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். "அண்ணாச்சி, எட்டுக் கட்சிக்கு எட்டுக் கட்டமா பிரிச்சுக் குடுத்திருக்கீங்களா? எங்களுக்கு எது?" சிரித்துவிட்டேன். அவர்கள் போனதும் நானே சுண்ணாம்பைக் கரைத்து, சதுரங்களை விட்டுவிட்டு மீதிச் சுவர் முழுவதும் அடித்து, எங்கள் சங்கத்தின் பெயரை எழுதி, 'தேர்தல் முடியும்வரை' என்று போட்டுவிட்டேன். சங்கம் தேர்தலில் நிற்கவில்லை. இருந்தாலும் பிடித்த சுவர் பிடித்த சுவர்தானே?

அவளிடம் சொன்னேன். "முன்பதிவு ஆகிவிட்டது. இனி தேர்தல் முடிவு வரும்வரை தொட முடியாது. கட்டுப்பாடு."

"நம்ம சுவருங்க" என்றாள்.

"அதனால்தான் நாம் முன்மாதிரியாக இருக்க வேண்டும்" என்றேன்.

இப்படி வைகாசி ஆகிவிட்டது. ஒரு நாள் அவள் பால் எடுக்க வாசலுக்கு வந்தவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். எதிர்வீட்டு இட்லிக்கடை கொண்டம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். மதினி, மதினி என்று அந்தக் கொண்டம்மாள் அவளை உட்கார வைத்துவிட்டு என்னை முறைத்தாள், எதற்கென்று தெரியவில்லை.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். அவள் மதுரைக்கு ஊசிக்குப் போயிருந்த நாளில் அருளப்பனைக் கூப்பிட்டு ஆறாம் நம்பர் சதுரத்தின் மேல் சாம்பல் கலரை அடிக்கச் சொன்னேன். நம்பரை மட்டும் விட்டுவிடு என்றேன். அவன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "எதுக்கு அண்ணாச்சி?" என்றான். "அடி" என்றேன். அடித்தான்.

மறுநாள் காலையில் அருளப்பனையும் வரச் சொல்லி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். "சீனி, கோடை முடிந்துவிட்டது. எட்டில் எது நன்றாகத் தாங்கியிருக்கிறது? நீயே சொல்."

எவ்வளவு சந்தோஷம் தெரியுமா தம்பி அவள் முகத்தில்! கையை நீட்டிக்கொண்டு வந்தாள். சுவரின் மூலையில் கையை வைத்தாள். அங்கேயிருந்து அடி எடுத்து வைத்தாள், எண்ணி எண்ணி. ஆறாம் சதுரத்துக்கு நேராக நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்படியே இருக்குங்க. கொஞ்சங்கூட மங்கலை" என்றாள்.

சாம்பல் தம்பி! சிமெண்ட் மாதிரிச் சாம்பல்! நான் சிரிக்கவில்லை. அருளப்பன்தான் ஏணிக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான், பெயிண்டர்களுக்கே கொஞ்சம் நெஞ்சுரம் குறைவு. எனக்கு அன்றைக்குச் சோதனை முடிந்தது. பரிசீலனை முடிந்தது. இனி எந்தக் கலர் அடித்தாலும் அவளுக்கு ஒன்றுதான். எனக்கு ஒன்றில்லை. எனக்குக் கண் இருக்கிறது. கண் இருக்கிறவன்தானே கலரைத் தீர்மானிக்க வேண்டும்? இதில் என்ன அநியாயம்?

"தீர்மானம் நிறைவேறியது, ரோஸ் அடித்துவிடலாம்" என்று அவளிடம் சொன்னேன். அருளப்பனைத் தனியாக அழைத்து, சிவப்பு என்றேன்.

அவன் கெஞ்சினான். "அண்ணாச்சி, மேற்குச் சுவரு. நம்ம ஊரு வெயிலு. சிவப்பு சூட்டை இழுக்கும், முன்னறைல படுக்க முடியாது. அதுவும் போக, சிவப்பு நிக்காது. எல்லாக் கலரையும் விடச் சிவப்புதான் சீக்கிரம் வெளுக்கும். மூணு வருஷத்துல..."

"சிவப்பு வெளுக்காது" என்றேன். அந்த வார்த்தையை நான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அவள் காதில் போடக் கூடாது என்று அவன் மாதா மேல் சத்தியம் வாங்கினேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அவனுக்கு உண்டு. அது போதும்.

சத்தியம் செய்துவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போனான். ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க அரை மணி நேரம். வெளியே வரும்போது அவளும் பின்னாலேயே வந்தாள். பெயிண்டில் ரெண்டு தரம் இருக்கிறது, ஒன்று ஏழு வருஷம் கேரண்டி, இன்னொன்று சாதா என்று அவன் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சாதா எத்தனை வருஷம் தாங்கும் அருளப்பா?" என்றாள்.

"மூணு வருஷம்மா."

"நிச்சயமா மூணு வருஷந்தானே?"

"அதுக்கு மேல நிக்காதும்மா."

"அது போதும். அதையே வாங்கு" என்றாள்.

வாழ்நாள் பூராவும் சிக்கனம். அல்லது மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கமாட்டோம் என்று நினைத்தாளோ என்னமோ. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அடித்து முடித்த அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! சாயங்கால வெயிலில் வீடு ஊர்வலம் மாதிரி நின்றது. அன்றைக்கு மட்டும் விதியை மீறித் திரும்பிப் பார்த்தேன். தெருக்காரர்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். நர்ஸம்மா கேட்டால் ரோஸ் என்று சொல்ல வேண்டும், ஒருவர் மாற்றிச் சொன்னாலும் நோயாளி மனசு உடைந்துவிடும், அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும் என்றேன். பாவத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அவர்களுக்கு உண்டு.

கொண்டம்மாள் மட்டும் கேட்டாள். "அண்ணாச்சி, அதுக்கு அந்த ரோஸையே அடிச்சிருக்கலாமே? பொய்யும் வேணாம், பாவமும் வேணாம்."

அரசியல் அறிவு இல்லாதவர்களிடம் என்ன பேசுவது?

அவளைக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். கேட்டது அதுதானே, ஒரு தடவை வெளியே நின்று முழுவதும் பார்க்க வேண்டும் என்று? குறை வைக்கக் கூடாது. கால் மணி நேரம் நின்றாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நின்றாள். பிறகு உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மணி நாலு இருக்கும். கையை எடுக்கவே இல்லை.

"நல்ல சூடா இருக்கு" என்றாள்.

"புதுப் பெயிண்ட் அப்படித்தான்" என்றேன்.

அன்றைக்கே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொல்லிவிட்டாள். முன்னறை கொதிக்கிறதாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் பகலில் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு தினமும் நாலு மணிக்கு வந்து ஒரு தடவை கையை வைத்துப் பார்ப்பாள். தடவிக்கொடுக்கிற மாதிரி. மாட்டை விற்கப் போகிறவன் அதைத் தடவுவான் பாருங்கள், அந்த மாதிரி.

முதல் வருஷம் கஷ்டப்பட்டேன், அதை மறைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து அவளைப் பார்க்க வருகிறவர்கள், அவள் கையில் பிறந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரோஸ் வீடு எது, ரோஸ் வீடு எது என்று தெருவில் மேலும் கீழும் அலைவார்கள். நான் ஓடிப்போய் வழிமறித்து, விஷயத்தைச் சொல்லி, உள்ளே அனுப்புவேன். "வீடு என்ன கலருப்பா?" என்று அவள் கேட்டால் பாதிப் பேருக்கு நாக்குத் தடுமாறும். அவளும் விடமாட்டாள், "நல்லாப் பாத்துச் சொல்லு" என்பாள்.

இப்போது அந்தக் கஷ்டமே இல்லை. போன வருஷத்திலிருந்து பார்க்கிறேன், ஒருவரும் தடுமாறுவதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்கு நான் சொல்லித் தரவே இல்லை, அவனாகவே "ரோஸ் வீட்டு நர்ஸம்மா" என்கிறான். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த டீச்சர் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். இன்றைக்கு நீங்கள் நேராக வந்து நிற்கிறீர்கள். எப்படி? கட்டுப்பாடு. ஒரு கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஊர் முழுவதும் அதைக் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்துவிடும். கட்சிகள் ஐம்பது வருஷத்தில் செய்ய முடியாததை நான் ஒரு தெருவில் மூன்று வருஷத்தில் செய்திருக்கிறேன். இதைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதலாம் என்று இருக்கிறேன்.

என்ன தம்பி, மறுபடி எதையோ சொல்ல வருகிறீர்கள்? சும்மா இருங்கள். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது. வருகிறாள். முதலில் அதைத்தான் கேட்பாள். ரோஸ் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான் உங்கள் வேலை. முகம் மாறினாலும் பரவாயில்லை, அவளுக்கு முகம் தெரியாது.

வா சீனி. தபால் ஆபீஸ் தம்பி வந்திருக்கிறார். படி, படி. இந்தா, நாற்காலி. விரலை அந்தப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். எடுக்கவில்லையா தம்பி? எடுக்காது. பிள்ளைகளை இழுத்து இழுத்துப் போட்டு ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. வேறு விரல் பாருங்கள். மோதிர விரலா? ஆ, பச்சை விளக்கு எரிகிறது. முடிந்தது. சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது, நீ உயிரோடு இருக்கிறாய்.

கேட்கிறாள் பாருங்கள், நான் சொன்னேன் அல்லவா? சொல்லுங்கள் தம்பி. வீடு என்ன கலர்?

ரோஸ். கேட்டாயா சீனி? ரோஸ் என்கிறார். ஒரு தடுமாற்றம் இல்லை. அருமை.

என்ன? என்ன கேட்டாய்? மறுபடி சொல்.

"மீட்டர் பெட்டி இருந்த இடம் மட்டும் இன்னும் சிவப்பா இருக்காய்யா?"

எந்த இடம்? எது சிவப்பு? யார் சொன்னது சிவப்பு என்று? தம்பி, நீங்கள் எதற்கு "ஆமாம்மா" என்கிறீர்கள்? நான் உங்களிடம் என்ன சொன்னேன்? எங்கே காட்டுகிறீர்கள், என் முதுகுக்குப் பின்னாலா? நான் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நான் முடித்த சுவர் அது.

நகருங்கள். சரி, நகருங்கள், பார்க்கிறேன்.

ஒரு சாண் அகலம் இருக்கிறது. ஒன்றரைச் சாண் உயரம். சிவப்பு. ஆமாம், சிவப்பு. நான் அடித்தது. சுற்றிலும் இருப்பதும் அதே சிவப்புதான். கொஞ்சம் வெளிச்சம் கூடிய சிவப்பு. தூசி. மேற்கு வெயில்... வெயில் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லையா? சரி, வரவில்லை. தூசி. கையால் தேய்த்தால் போய்விடும். தேய்க்கிறேன் பாருங்கள்.

அருளப்பனா சொன்னான்? எப்போது? தண்ணீர் குடிக்க வந்த அன்றைக்கேவா? மாதா மேல் சத்தியம் செய்தவன் அவன்! அப்போதிலிருந்தே தெரிந்துகொண்டா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்டாய்? எதைக் கேட்டாய்? எவ்வளவு வெளுத்திருக்கிறது என்றா?

மறுபடி அடிப்பேன். இன்றைக்கே ஆளைக் கூப்பிடுகிறேன். ரெண்டு கோட், மூன்று கோட். கண் தெரியாதவளுக்கு எதுக்கடி ரோஸ்?

"அடிங்க. மூணு வருஷந்தானே" என்கிறாள். கேட்டீர்களா தம்பி? சொல்லிவிட்டுக் கையை வைக்கிறாள் சுவரில், தொட்டுத் தொட்டு, எப்படித்தான் சரியாகச் சொல்கிறாளோ, அந்தப் பெட்டி இருந்த இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வைக்கிறாள். தண்ணீர் வேண்டுமாம். உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

போகாதீர்கள். மெஷினை அப்புறம் பையில் வையுங்கள், உட்காருங்கள். நீங்கள் அரசாங்க ஊழியர், உங்கள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அவளால் பார்க்க முடியாது தம்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் அவளுக்கு. இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்கள் அல்லவா? அவளிடம் சொல்லுங்கள், இது சிவப்பு வீடு என்று. ஒரே ஒரு தடவை. நல்லாப் பார்த்துச் சொல்லுங்கள்.